துபாசி ஆனந்தரங்கர்

சென்னைப் பெரம்பூரில் 1709ஆம் ஆண்டு பிறந்த ஆனந்தரங்கர், தந்தை திருவேங்கடத்துடன் இளமையிலேயே புதுவைக்கு வந்தார். பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கும்பினியின் பண்டகசாலைப் பொறுப்பை ஏற்று வணிகம் பயின்றார். ‘ஆனந்தப் புரவி’ என்னும் கப்பலுக்கு உரிமையாளராகவும் விளங்கினார். 1736 செப்டம்பர் 6 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதிவந்தார்.

அக்காலப் புதுவையின் உயிர்நிலை துணி வணிகமே. கும்பினி முன்பணம் தரும். வணிகர் அதனை நெசவாளரிடம் சேர்ப்பர். நெய்த துணி கப்பலேறும். ஐரோப்பாவிலிருந்து வெள்ளி வராவிடில் தறிகள் ஓய்ந்துவிடும். 1744இல் இங்கிலாந்தும் பிரான்சும் போரில் இறங்கியதும் அந்நிலையே நேர்ந்தது. ஆங்கிலக் கப்பல்கள் கடல்வழியை மறித்தன. செலவைக் குறைக்குமாறு பாரிசிலிருந்து ஏற்கெனவே ஆணை வந்திருந்தும், ஆளுநர் டூப்ளே மதில் கட்டுவதை நிறுத்தவில்லை. பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அவர் செய்தது சரியென்றே தோன்றுகிறது.

1746இல் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். நகரை மீட்புப்பணம் பெற்றுத் திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று அவரும் டூப்ளேயும் பகைத்துக்கொண்டனர். மறு ஆண்டு ஆனந்தரங்கர் தலைமைத் துபாசியானார். இருமொழி அறிந்து இடைநிற்பவரே துபாசி. ஆயினும் பணம் திரட்டுவதும், அரசர்களின் உட்பகையை அறிந்து சொல்வதும் அவர்மேல் விழுந்தன.

1748இல் பாஸ்கவென் பெரும்படையுடன் புதுவையை முற்றுகையிட்டார். இன்று நகரின் ஒரு பகுதியாகிய நெல்லித்தோப்பு அன்று மதிலுக்கு வெளியே, மேற்கே இருந்தது. பழந்தமிழரின் காவற்காட்டை ஒத்த முள்வேலி அரண் அதற்கும் அப்பால் ஊரைச் சூழ்ந்திருந்தது. மழையும் நோயும் வருத்த, அக்டோபரில் ஆங்கிலேயர் பின்வாங்கினர். சென்னையோ, வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டைக்கு ஈடாக உடன்படிக்கையின்படி ஆங்கிலேயருக்கே மீண்டது. இம்மண்ணின் நகரொன்றின் உரிமையை இம்மண்ணினர் எவரும் முடிவு செய்யவில்லை.

அதன்பின் ஆர்க்காட்டு அரியணைக்குச் சந்தாசாகிபும் முகமதலியும் போட்டியிட்டனர். ஒருவர் பிரெஞ்சுக்காரரை நாட, மற்றவர் ஆங்கிலேயரை நாடினார். இருதரப்பின் பகையும் கும்பினிகளுக்கு வழிவிட்டது. 1754இல் டூப்ளே திருப்பியழைக்கப்பட்டார். 1756இல் ஆனந்தரங்கர் பதவியிழந்தார். 1760இல் ஆங்கிலப் படை முள்வேலி அரணைக் கைப்பற்றியது. கடலிலும் தரையிலும் வழியடைபட, நகரில் உணவு தீர்ந்தது. 1761 ஜனவரியில், நகர் பணிவதற்குச் சில நாள்கள் முன், ஆனந்தரங்கர் காலமானார். 16ஆம் நாள் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் மதிலும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன.