கர்மவீரரின் ஓய்வு

சுவாமி விவேகானந்தர் என்றதும் நம் மனக்கண்முன் எழுவது ஓய்வறியாத ஒரு திருவுருவம். பாரதம் முழுவதும் நடந்த பாதங்கள், கடல் கடந்து ஒலித்த குரல், நாற்பது வயதுகூட நிறையாத வாழ்வில் பல நூற்றாண்டுகளுக்குப் போதுமான பணி. அந்த வாழ்வில் ஓய்வுக்கும் ஓர் இடம் இருந்ததை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. தொண்டின் பெயரால் உணவையும் உறக்கத்தையும் புறக்கணிக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. சுவாமிஜியின் வாழ்வை இந்த நோக்கில் காண்பது அவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

1863 ஜனவரி 12 அன்று கல்கத்தாவில் பிறந்த நரேந்திரர் இளமையிலேயே உடலைப் பேணக் கற்றவர். மல்யுத்தம், கம்பு விளையாட்டு, நீச்சல், படகோட்டுதல், குத்துச்சண்டை ஆகியவற்றில் பயிற்சி பெற்றார். முறையாக இசையும் பயின்றார். வலிமையான உடலும் இனிமையில் தோயும் மனமும் அவருக்கு இளமையிலேயே அமைந்திருந்தன.

1886 ஆகஸ்டில் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தபின் வராகநகர் மடத்தில் கடுந்தவம் தொடங்கியது. வெறும் சோறும் உப்பும் வேகவைத்த கோவை இலையுமே உணவாக அமைந்த நாட்கள் உண்டு. ஜபத்திலும் தியானத்திலும் இரவுகள் கழிந்தன. பின்னர் பரிவ்ராஜக வாழ்க்கை வந்தது. 1890-இல் ரிஷிகேசத்தில் கடும் காய்ச்சலால் அவர் நினைவிழந்தார். உடனிருந்த சகோதரத் துறவிகள் நம்பிக்கை இழந்த வேளையில், அங்கு வந்த ஒரு சாது புகட்டிய மருந்தால் உயிர் பிழைத்தார். 

1893 செப்டம்பரில் சிகாகோ சர்வசமயப் பேரவையில் பெற்ற வெற்றி, அவரை ஊர் ஊராகச் சுற்ற வைத்தது. பாரதப் பணிக்குப் பொருள் திரட்டும் எண்ணத்துடன் ஒரு சொற்பொழிவு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒரு கட்டத்தில் வாரத்திற்கு 12, 14 சொற்பொழிவுகள்கூட நிகழ்ந்தன. உடல் களைத்தது, கூட்டம் பெருகிய அளவுக்கு மனிதர்கள் உருவாகவில்லை என்பதையும் அவர் கண்டார். 1894-இல் அந்த ஒப்பந்தத்தை விட்டு விலகி, சிலருக்கேனும் ஆழமாகக் கற்பிப்பது என்னும் வழியை மேற்கொண்டார்.

1895 கோடையில் அவர் நாடிய இடம், செயின்ட் லாரன்ஸ் நதியிலுள்ள ஆயிரத் தீவுப் பூங்கா. நியூயார்க்கில் நடத்திய தொடர் வகுப்புகளால் சோர்ந்திருந்த அவர், சுமார் 12 மாணவர்களுடன் ஏழு வாரங்கள் அங்கே தங்கினார். காலையில் உபதேசம், மாலையில் காட்டுவழியே நடை, இரவில் தியானம் என்று நாட்கள் கழிந்தன. சில நாட்களில் தாமே சமைத்து மாணவர்களுக்குப் பரிமாறினார். ஓய்வுக்காக ஒதுங்கிய அந்த வாரங்களில் பொழிந்த உபதேசங்கள் இன்றும் சாதகர்களுக்கு வழிகாட்டுகின்றன. மறு ஆண்டு சேவியர் தம்பதியருடன் ஆல்ப்ஸ் மலையில் தங்கியபோது, இமயத்தில் ஓர் ஆசிரமம் வேண்டும் என்ற எண்ணம் அவருள் உருப்பெற்றது. அதன் கனியே 1899-இல் தோன்றிய மாயாவதி அத்வைத ஆசிரமம்.

1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கியது முதல் வரவேற்புகளும் உரைகளும் ஓயவில்லை. சென்னையில் ஒன்பது நாட்கள் தங்கியபின் கப்பலில் கல்கத்தா சென்றார். அவருக்கு நீரிழிவு இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். இன்சுலின் சிகிச்சை தொடங்கியது 1922-இல்தான். எனவே உணவுக் கட்டுப்பாடும் ஓய்வுமே அன்று அவர்கள் பெரிதும் நம்பிய மருந்து. அவர்களது சொல்லை ஏற்று டார்ஜிலிங் சென்றார். மே 1-ஆம் தேதி ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கிவிட்டு, சில நாட்களிலேயே அல்மோராவுக்குப் புறப்பட்டார்.

ஆயினும் ஓய்வை அவர் உயிரினும் பெரிதாகக் கருதியவர் அல்லர். 1898-இல் மீண்டும் டார்ஜிலிங்கில் இருந்தபோது கல்கத்தாவில் பிளேக் பரவிய செய்தி எட்டியது. உடனே விரைந்து வந்து நிவாரணப் பணியை ஏற்பாடு செய்தார். தேவையானால் மடத்திற்காக வாங்கிய நிலத்தையே விற்கவும் முன்வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரை. பனிக்குகையில் சிவதரிசனத்தில் மெய்மறந்தார். அந்தப் பயணத்தின் கடுமையால் அவரது இதயம் நிரந்தரமாக விரிவடைந்துவிட்டது என்று மருத்துவர் பின்னர் கூறினார். இத்தகைய துணிவுக்கு அவரது உடல் கொடுத்த விலையையும் நாம் மறைக்கலாகாது.

1899-இல் மீண்டும் மேலைநாடு சென்றவர், நியூயார்க் மாநிலத்திலுள்ள ரிட்ஜ்லி மாளிகையில் ஏறத்தாழ பத்து வாரங்கள் தங்கி உடல்நலம் தேறினார். அதன்பிறகே கலிபோர்னியாவில் புதிய பணியைத் தொடங்கினார். 1900 டிசம்பரில் பேலூர் திரும்பியபின் அவர் செய்த ஒரு செயல் நம் சிந்தனைக்குரியது. 1901-இல் மடத்தின் பொறுப்பை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். சுவாமி பிரம்மானந்தர் தலைவரானார். தாம் வளர்த்த பணி தம் தோளை மட்டுமே நம்பி நிற்கலாகாது என்ற தெளிவு அதில் விளங்குகிறது.

அதன்பிறகு பேலூரில் ஓர் எளிய வாழ்க்கை. ஆடு, நாய், வாத்துகள், மான் என்று பல உயிர்கள் அவரைச் சூழ்ந்திருந்தன. உலகை அசைத்தவர், கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆட்டுக்குட்டியுடன் ஓடி விளையாடினார். வைத்தியர் விதித்த பத்தியத்தின்படி 21 நாட்கள் தண்ணீரும் அருந்தாமல் இருந்தார். 1902 ஜூலை 4 அன்று காலையில் மூன்று மணி நேரம் தியானம். பிற்பகலில் பிரம்மசாரிகளுக்கு சம்ஸ்கிருத இலக்கண வகுப்பு. மாலையில் சுவாமி பிரேமானந்தருடன் நடை. இரவு ஒன்பது மணிக்குமேல் மகாசமாதி. அப்போது அவருக்கு வயது 39.

இன்னும் பல ஆண்டுகள் அவர் இருந்திருக்கலாகாதா என்று நம் உள்ளம் ஏங்கத்தான் செய்கிறது. அந்த ஏக்கமே நமக்கு ஒரு பாடம். பிறர் துன்பம் அழைக்கும்போது ஓய்வைத் துறப்பது தியாகம். நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று எண்ணி ஓய்வைத் துறப்பது அகங்காரம். இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகம் ஒவ்வொரு தொண்டருக்கும் வேண்டும். உடல் இறைவன் நமக்குத் தந்த கருவி. அதை வேளையறிந்து ஓய வைப்பதும், பணியைப் பிறருடன் மனமுவந்து பகிர்ந்துகொள்வதும் அவனுக்குச் செய்யும் வழிபாடே. அந்த விவேகத்தை நமக்கு அருளுமாறு சுவாமிஜியின் திருவடிகளை வணங்குவோம்.