எட்கர் தர்ஸ்டனும் ஆனைமலைக் காடர் நிழற்படங்களும்

தென்னாட்டுக் குடிகளின் வாழ்வை ஆராயப் புகுவோர் எவரும் எட்கர் தர்ஸ்டன் என்னும் பெயரைக் கடந்து செல்லல் அரிது. க. ரத்னம் அவர்களின் மொழிபெயர்ப்பில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் பெயரில் அவருடைய பெருநூலைத் தமிழுக்குத் தந்த பின்னர், ஆங்கிலம் அறியாத எழுத்தாளரும் அவரைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றனர். குறிஞ்சியைப் பாடுவோர்க்கு அந்நூலில் ஒரு தனிப் பயன் உண்டு. பழனிமலைத் தொடரை மேற்கே ஒட்டிக் கிடக்கும் ஆனைமலையில் தேக்கு வெட்டி இறக்கப்பட்ட நாளில், அக்காட்டுக்குள் வாழ்ந்த மக்கள் எம்முகத்தோடு இருந்தனர் என்பதை அதன் நிழற்படங்கள் காட்டுகின்றன. அவற்றை நமக்கு விட்டுச் சென்றவர் எத்தகையவர், எந்நோக்கத்தோடு அவை எடுக்கப்பட்டன என்பவையும் அறியத்தக்கன.

தர்ஸ்டன் 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். ஈட்டன் பள்ளியில் பயின்று, இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் கற்று, 1877இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். ஆயினும் மருத்துவத் தொழில் அவரை நெடுநாள் பிடித்து வைக்கவில்லை. 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். முதற் பத்தாண்டுகளில் அவர் கவனம் பெரிதும் கடலின்மீதே இருந்தது. தூத்துக்குடி முத்துக்குளிப்பும் இராமேசுவரத்துக் கடல்வாழ் உயிரினங்களும் அவருடைய தொடக்கக்கால ஆய்வுப் பொருள்கள். திருக்கை மீனினம் ஒன்று அறிவியல் உலகில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உயிரினங்களைப் பிடித்து, அளந்து, பெயரிட்டு, அடுக்கி வைத்துப் பழகிய அந்தக் கைதான் பின்னர் மனிதரிடம் திரும்பியது. இதை மறந்துவிட்டு அவருடைய பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள இயலாது.

1894ஆம் ஆண்டுக் கோடையில், வங்காள ஆசியக் கழகத்திடமிருந்து இரவலாகப் பெற்ற அளவைக் கருவிகளுடன் அவர் நீலகிரி ஏறினார். தோடர், கோத்தர், படகர் ஆகியோரின் தலையையும் மூக்கையும் அளந்தார். சென்னை வெயில் கொளுத்தும்போது மலையுச்சியில் மானிட ஆராய்ச்சி செய்வது மிகப் பொருத்தமே என்று அலுவலர் வட்டத்தில் எழுந்த கேலியை அவரே பின்னாளில் நூன்முகத்தில் பதிந்து வைத்தார். தம்மைப் பற்றிய நகைப்பை மறைக்காத பண்பு அவரிடம் இருந்தது. அளவெடுப்பு வளர்ந்தது, அருங்காட்சியகத்தில் அதற்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது, நிழற்படங்கள் சேர்ந்தன, பழங்குடியினரின் பாட்டும் இசையும் ஒலிப்பதிவுக் கருவியில் ஏறின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய செய்முறை வகுப்புகளுக்குக் காவல்துறையினரும் வந்து அமர்ந்தனர். ஆளை உடலளவால் அடையாளம் காணும் கலை அக்காலக் காவலர்க்கு வேண்டியிருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டதை நினைப்பவர்க்கு, அந்த வகுப்பறையின் பொருள் விளங்கும்.

ஆனைமலைக் காடரைப் பற்றிய அவர் ஆய்வு 1899இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அந்த மலையின் நிலையைச் சற்று விரித்துக் கூறுதல் நலம். பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டி, 1840களின் இறுதியிலேயே கும்பினியார் அங்கே மரம் வெட்டத் தொடங்கிவிட்டனர். வெட்டிய மரத்தை யானைகள் இழுத்து வந்து மலை விளிம்பில் சேர்க்கும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடப்படும். அவ்விடமே டாப்சிலிப் ஆயிற்று. அக்காட்டுப் பொறுப்பை ஏற்றிருந்த டக்ளஸ் ஹாமில்டன் 1860களின் தொடக்கத்தில் பழனிமலையின் காட்சிகளைக் கோட்டோவியங்களாகத் தீட்டினார். கோடைக்கானலுக்கு அப்பால் பேரிஜம் வழியே செல்வோர் இன்றும் அவர் பெயரால் வழங்கும் ஹாமில்டன் கோட்டையைக் காணலாம். அவர் ஓவியத்தில் மலை இருந்தது, சோலை இருந்தது, புல்வெளி இருந்தது. மலைமக்களின் முகத்தைப் பதிக்க நிழற்படக் கருவி வரவேண்டியிருந்தது.

டாப்சிலிப்பை அடுத்த மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் தங்கித் தர்ஸ்டன் காடரைக் கண்டார். 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகளில் மூன்றாவது தொகுதியில் காடர் படங்கள் உள்ளன. ஒன்றில் ஒருவன் நெட்டைமரத்தில் மூங்கில் முளைகளை அடித்து, அவற்றையே படிகளாகக் கொண்டு ஏறுகிறான். இன்னொன்றில் கூராக்கிய முன்பற்கள் தெரிய ஒரு சிறுவன். வேறொன்றில் கூந்தலில் மூங்கில் சீப்புச் செருகிய ஒரு பெண். அச்சீப்பைத் தான் மணக்க விரும்பும் பெண்ணுக்கு ஆடவன் தன் கையால் செதுக்கித் தருவது காடர் வழக்கம். மரமேறும் முறையைப் போர்னியோத் தீவின் தயாக்கு மக்களோடும், பல்லைக் கூராக்கும் வழக்கத்தை மலாயாவின் பழங்குடியினரோடும் தர்ஸ்டன் ஒப்பிட்டார். சீப்பின் நுண்வேலையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

காடர் தேனெடுக்கும் முறையை அவர் எழுதியிருக்கும் பகுதி அந்நூலின் சிறந்த பக்கங்களுள் ஒன்று. இருளில் பிரம்புச் சங்கிலியைப் பாறை விளிம்பிலிருந்து தொங்கவிட்டு ஒருவன் இறங்க, மேலே அவன் மனைவியோ மகனோ காவல் நிற்பர். உயிரை ஒப்படைக்கத் தக்கவர் யார் என்பதை அம்மக்கள் முடிவு செய்திருந்த முறை அது. தேனும் மெழுகும் குங்கிலியமும் இஞ்சியும் காட்டிலிருந்து இறங்கின. மாற்றாக அரிசி ஏறியது. தம்மைக் கூலிகள் என்று அழைப்பதைக் காடர் பேரிழிவாகக் கருதினர் என்னும் செய்தியும் அக்காலப் பதிவுகளில் உண்டு. மரவாணிகம் சூழ்ந்த மலையில் வாழ்ந்தவர்கள் அந்த வாணிகம் தமக்குச் சூட்ட வந்த பெயரை ஏற்க மறுத்தார்கள்.

ஆனால் படங்களின் அடியில் குலப்பெயர் மட்டுமே உண்டு. மரமேறியவன் யார், சீப்புச் சூடியவள் எவர் மகள் என்று நூல் கூறாது. ஆய்வாளர்க்கு வேண்டியது ஒரு மாதிரி, ஆள் அன்று. மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் வகுத்துக் கிடைத்த எண்ணால் குலங்களை மேல்கீழாக அடுக்கிவிடலாம் என்று ரிஸ்லி போன்றோர் நம்பிய காலம் அது. தர்ஸ்டனும் அந்த நம்பிக்கையில் நின்றே வேலை செய்தார். அறிவியல் அதைக் கைவிட்டு நெடுங்காலம் ஆயிற்று. எண்கள் செத்தன; எண்களுக்குத் துணையாக எடுக்கப்பட்ட படங்கள் உயிரோடிருக்கின்றன.

அளக்கப்பட்ட மக்கள் வாளா இருந்துவிடவில்லை என்பதற்கும் அவர் நூன்முகமே சான்று. வயநாட்டுப் பணியப் பெண்கள், தம்முள் அழகியரைப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தவே இவர் வந்திருக்கிறார் என்று அஞ்சி ஓடினர். நீலகிரி இருளர் ஒருவர் உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று கருதி நிற்க மறுத்தார். நெற்றியில் இவர் இடும் வெள்ளைப் பொட்டு கொப்புளித்து எண்ணாக மாறும், அதைக் கொண்டு ஆளைப் பிடித்துச் செல்வர் என்று வேறிடத்தில் பேச்சு எழுந்தது. தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாகவே எழுதினார். காவல்துறையினர் அவர் வகுப்பில் அமர்ந்திருந்ததை அறிந்தவர்க்கு, அந்த இருளரின் அச்சம் அவ்வளவு பேதைமையாகத் தோன்றாது.

1901இல் தொடங்கிய இனவரைவியல் அளவீட்டுக்கு ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டம் எட்டாண்டாக நீண்டது. இவ்வுழைப்பில் பெரும்பங்கு கா. ரங்காச்சாரியுடையது. பயணங்களில் உடன் சென்று, மக்களிடம் அவர்கள் மொழியில் கேட்டறிந்து எழுதியவர் அவர். முகப்புப் பக்கத்தில் உதவியாளர் என்று அவர் பெயர் அச்சாகியுள்ளது. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் தர்ஸ்டனோடு நிறுத்திக்கொள்கின்றனர். பழனிமலைக் குன்னுவரைப் பற்றி நூல் கூறுவதில் நெல்சனின் மதுரை நாட்டு வரலாறு மிகுதி. பளியர் பற்றிய பகுதியிலோ மறைப்பணியாளர் ஒருவர் எழுதியனுப்பிய குறிப்பு முந்தி நிற்கிறது. அந்த மறைப்பணியாளர் பளியரை மிக இழிவாகவே எழுதினார். தேனெடுக்கும் காடரை நேரில் கண்டு வியந்த கண், பளியர் திறத்தில் பிறர் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டது. பழனிமலைப் பக்கத்தார் இந்நூலைப் படிக்கும்போது நினைவில் வைக்கவேண்டிய வேறுபாடு இது. இயேசு சபைத் துறவி டாமன் பழனிமலைப் பளியர் பற்றி 1908இல் எழுதிய கட்டுரையை உடன்வைத்துப் படித்தல் நன்று.

1908இல் தர்ஸ்டன் பணியிலிருந்து விலகினார். தென்னிந்திய நம்பிக்கைகளைப் பற்றி 1912இலும் சென்னை மாகாணத்தைப் பற்றி 1913இலும் நூல்கள் எழுதினார். பின்னர் கார்ன்வால் கடற்கரையில் பென்சான்ஸ் என்னும் ஊரில் குடியேறிச் செடிகொடிகளில் ஈடுபட்டார். அவர் இருந்த மவுண்ட் ஸ்டூவர்ட்டுக்கு 1915இல் ஹியூகோ வுட் வந்து, மொட்டையான ஆனைமலைச் சரிவுகளில் தேக்கை மீண்டும் எழுப்பினார். 1933இல் இறந்த வுட் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கடல்கடந்து வாழ்ந்த தர்ஸ்டன் கார்ன்வாலில் வளரும் உள்நாட்டு, வெளிநாட்டு மரங்களையும் புதர்களையும் பற்றி 1930இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவர் அகவை எழுபத்தைந்து. 1935 அக்டோபர் 12ஆம் நாள் பென்சான்சில் அவர் உயிர் பிரிந்தது.