கிறிஸ்தீன் தெ பிசானும் வீரர் அறமும்: ஒரு வாழ்க்கை வரலாற்று நோக்கு

ஐரோப்பிய இடைக்காலத்தில் குதிரையூர்ந்து போரிட்ட பிரபுக்குலத்தார் தமக்கென வகுத்துக்கொண்ட ஒழுகலாறு சிவல்ரி எனப்பட்டது. அதனை வீரர் அறம் எனத் தமிழில் வழங்கலாம். தலைவனிடம் மாறாத உண்மையும் தோற்றோரிடம் இரக்கமும் மகளிரிடம் பணிவும் அவ்வறத்தின் கூறுகள். கைம்பெண்களையும் ஆதரவற்றோரையும் காத்தலும் அதன்பாற்பட்ட கடமையாகவே கருதப்பெற்றது. அரசவைப் பாக்களும் வீரகதைகளும் அதனைப் போற்றின. அவற்றை இயற்றியோர் பெரும்பாலும் ஆடவர். அவ்வறத்தின் காவலுக்கு உரியவராகச் சொல்லப்பட்ட ஒரு கைம்பெண்ணே அதனைப் பற்றி எழுதப் புகுந்தபோது நேர்ந்தவற்றைக் கிறிஸ்தீன் தெ பிசானின் வாழ்க்கை காட்டுகிறது.

கிறிஸ்தீன் 1364இல் வெனிசு நகரில் பிறந்தார். தந்தையாகிய தொம்மாசோ, பொலோஞா நகரை அடுத்த பிட்சானோ என்னும் ஊரைப் பூர்விகமாகக் கொண்டவர். மருத்துவமும் வானநூலும் கற்றவர். அவருடைய புலமையைக் கேள்வியுற்ற பிரான்சு மன்னர் ஐந்தாம் சார்லசு அவரைத் தம் அவைக்கு அழைத்துக்கொண்டார். 1368இல் குடும்பம் பாரிசு வந்து சேர்ந்தது. அம்மன்னர் லூவர் மாளிகையின் கோபுரம் ஒன்றில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளைத் தொகுத்துவைத்தவர். அத்தகைய அவையின் நிழலில் வளர்ந்ததே கிறிஸ்தீன் பெற்ற பெரும் கல்வி எனலாம். முறையான பல்கலைக்கழகக் கல்வி அக்காலத்துப் பெண்டிர்க்கு இல்லை.

பதினைந்தாம் வயதில் பிக்கார்தியைச் சேர்ந்த எத்தியேன் துய் கசுத்தேல் என்பாருக்கு மணம் செய்விக்கப்பெற்றார். கணவர் அரச ஆவணங்களை எழுதும் செயலர். 1380இல் மன்னர் மறைந்ததும் தந்தையின் வருவாய் சுருங்கியது. சில ஆண்டுகளில் தந்தையும் மறைந்தார். 1390இல் அரசருடன் பயணம் சென்றிருந்த கணவர் கொள்ளைநோய்க்கு இரையானார். அப்போது கிறிஸ்தீனுக்கு வயது இருபத்தைந்து. மூன்று குழந்தைகள், தாய், உறவுப்பெண் ஒருத்தி ஆகியோரைக் காக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. கணவருக்கு வரவேண்டிய ஊதிய நிலுவையைப் பெறவும் சொத்துரிமையை நிலைநாட்டவும் பத்தாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களில் ஏறி இறங்கினார். வழக்கு மன்றங்களின் குளிர்ந்த கூடங்களில் காத்திருந்ததையும் அங்கிருந்தோரின் ஏளனப் பார்வையையும் அவர் பிற்காலத்து நூலொன்றில் பதிவுசெய்துள்ளார். கைம்பெண்ணைக் காக்கும் வீரர் எவரும் அக்கூடங்களுக்கு வந்ததாக அதில் குறிப்பில்லை.

எழுத்து அவருக்கு வாழ்வூதியமாயிற்று. கணவரின் பிரிவைப் பாடிய கையறுநிலைப் பாடல்களே முதலில் புகழ் பெற்றன. எனினும் அவை விரும்பியது காதற்பாட்டு. எனவே தலைவன், தலைவி ஆகியோர் கூற்றாகவும், பிரிவு, ஊடல், வஞ்சினம் ஆகிய துறைகளிலும் பலாட் என்னும் யாப்பில் நூறு நூறாகப் பாடினார். தம் துயரை உள்ளடக்கிக்கொண்டு பிறர் மகிழப் பாடுவதன் கடுமையை அப்பாடல்களிலேயே அவர் குறிப்பாகச் சுட்டியிருப்பது கருதத்தக்கது. அவைக்காதல் மரபை அவர் உள்ளிருந்து அறிந்தவர். அதனாலேயே அதன் பொய்ம்மையையும் அறிந்தவர்.

மூத்த மகன் ழானை இங்கிலாந்தின் சாலிசுபரிப் பிரபு தம்முடன் அழைத்துச் சென்றார். 1400இல் அப்பிரபு, பதவியிழந்த இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் பொருட்டுக் கிளர்ந்து கொல்லப்பட்டார். புதிய மன்னராகிய நான்காம் ஹென்றி, சிறுவனைத் தம்மிடம் வைத்துக்கொண்டு தாயையும் தம் அவைக்கு அழைத்தார். தன் அரசனை வீழ்த்தியவரின் அவையில் அமர அவர் விரும்பவில்லை. மறுத்தால் மகன் திரும்பான் என்பதையும் உணர்ந்திருந்தார். வருவதற்கு இசைந்தவர்போல் காலம் கடத்தி, தம் நூற்படிகளைப் பரிசாக அனுப்பி, மகனை மீட்டுக்கொண்டார். அதன்பின் அவர் இங்கிலாந்து செல்லவே இல்லை.

அவரைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது ரோஜாக் காவியம் பற்றிய விவாதம். கியோம் தெ லோரிசு 1230ஆம் ஆண்டளவில் நாலாயிரம் அடிகளில் பாடி முடிக்காது விட்ட காதல் உருவகக் காவியத்தை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ழான் தெ மேன் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளால் நிறைவுசெய்தார். முதற்பகுதியின் மென்மை பிற்பகுதியில் இல்லை. பெண்டிரை இழித்துரைக்கும் நெடும்பகுதிகள் அதில் இடம்பெற்றன. 1399இல் கிறிஸ்தீன் இயற்றிய காதற்கடவுளின் திருமுகம் என்னும் செய்யுள் இதனைக் கண்டித்தது. 1401இல் லீல் நகரத் திருச்சபைத் தலைவர் ழான் தெ மோந்த்ரேய் அக்காவியத்தைப் புகழ்ந்து எழுத, கிறிஸ்தீன் மறுப்பு வரைந்தார். அரச செயலர் கோந்தியே கோல், பிழையை ஒப்புக்கொண்டு கருத்தைத் திரும்பப் பெறுமாறு அவருக்குக் கட்டளைபோல் எழுதினார். அவருடைய உடன்பிறப்பாகிய பியேர் கோலும் எதிரணியில் நின்றார். கோந்தியே கோல், கிறிஸ்தீனின் மறைந்த கணவர் பணிபுரிந்த அதே எழுத்தர் குழுவைச் சார்ந்தவர் என்பதை எண்ணினால், அக்கட்டளையின் தொனி இன்னும் நன்கு விளங்கும். பாரிசுப் பல்கலைக்கழக வேந்தர் ழான் ழெர்சோன் கிறிஸ்தீனின் பக்கம் நின்றார்.

கிறிஸ்தீனின் வாதம் ஒழுக்கவாதம் மட்டுமன்று. நூலின் தீங்குக்குப் பாத்திரக் கூற்று என்பது மறைப்பாகுமா, படிப்போரிடம் அது விளைக்கும் பயனுக்கு ஆசிரியன் பொறுப்பில்லையா என்னும் திறனாய்வு வினாக்களை அவர் எழுப்பினார். பெண்டிர் எளிதில் வீழ்வோர் என்றால் அவர்களை வீழ்த்தச் சூழ்ச்சி நூல்கள் எழுத வேண்டியதில்லையே என்பது அவருடைய கூர்மையான மறுப்பு. மேலும், அம்மடல்களைத் தொகுத்து 1402 பிப்ரவரியில் அரசி இசபோவிடம் அளித்ததன் வழி, கற்றோர் சிலருக்குள் அடங்கிக் கிடந்த பூசலை அவர் அவையறியச் செய்தார். எதிரணியினர் எதிர்பாராதது இதுவே எனலாம்.

இதே காலத்தில் மகளிரைக் காப்பதாகச் சூளுரைத்த கழகங்கள் பிரான்சில் தோன்றியவண்ணம் இருந்தன. தளபதி பூசிக்கோ பதின்மூன்று வீரர்களுடன் ஒரு கழகம் நிறுவினார். கிறிஸ்தீனும் ரோஜாக் கழகம் ஒன்றைக் கற்பனையாகப் படைத்துச் செய்யுள் இயற்றினார். அவருடைய உள்ளம் சூளுரையை விடப் பயிற்சியையே நாடியது என்பதற்கு 1400ஆம் ஆண்டளவில் எழுதிய ஒதேயாவின் மடல் சான்று. ஒதேயா அவர் தாமே புனைந்த தெய்வம். பதினைந்து வயது எக்தோருக்கு அத்தெய்வம் நூறு கதைகளால் அறிவு புகட்டுகிறது. ஒவ்வொன்றும் செய்யுள் மூலமும், வீரனுக்குரிய ஒழுக்கவுரையும், ஆன்மப் பொருளுரையும் என மும்மடிப்பாக அமைந்தது. வாளெடுக்குமுன் விளக்கம் கற்கவேண்டும் என்பது அவ்வமைப்பே உணர்த்தும் செய்தி.

நூல்களைப் படியெடுப்பித்தலிலும் ஓவியம் தீட்டுவித்தலிலும் அவரே முன்னின்றார். அவருடைய மேற்பார்வையில் உருவான ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவடிகள் எஞ்சியுள்ளன. சிலவற்றில் அவருடைய கையெழுத்தே இருப்பதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். அரசி இசபோவுக்காக 1414ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற பெருஞ்சுவடியின் முகப்போவியத்தில், நீல ஆடை அணிந்த கிறிஸ்தீன் மண்டியிட்டு அரசியிடம் நூலை நீட்டுகிறார். சுற்றிலும் பெண்டிர் மட்டுமே. வீரகதைச் சுவடிகளின் முகப்பில் மன்னனும் பிரபுக்களும் நிற்கும் இடம் அது.

1404இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், தம் தமையனாகிய ஐந்தாம் சார்லசின் வரலாற்றை எழுதுமாறு பணித்தார். பணித்தவர் சில மாதங்களில் இறந்தபோதும் அவ்வாண்டிலேயே நூல் முடிந்தது. அம்மன்னர் நேரில் களம் புகாது மாளிகையிலிருந்தே போரை நடத்தியவர். எனினும் அவரையே உண்மை வீரராகக் கிறிஸ்தீன் காட்டினார். தந்தை ழான் மன்னர் 1356இல் புவாத்தியே களத்தில் சிறைப்பட்டுப் பெருந்தொகை மீட்புப் பணத்தால் நாடு நலிந்ததை நோக்க, இது வெறும் முகமன் அன்று. 1405இல் பெண்டிர் நகரம் என்னும் அவருடைய தலையாய நூல் வெளிவந்தது. அறிவு, நேர்மை, நீதி ஆகிய மூன்று தேவியர் துணையால் புகழ்மகளிர் வரலாறுகளையே கற்களாக அடுக்கிக் கட்டிய நகரம் அது.

1407 நவம்பர் 23 அன்று, பிலிப்பின் மகன் ழானின் ஏவலால் ஓர்லயான் கோமகன் லூயி பாரிசுத் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒதேயாவின் மடல் கொல்லப்பட்டவருக்குப் படைக்கப்பட்டது. கொல்வித்தவரோ அதற்கு முந்தைய ஆண்டில் கிறிஸ்தீனுக்கு நூறு பொற்காசு அளித்து அவர்தம் உறவுப்பெண்ணின் மணத்துக்கு உதவியவர். புரவலர் இருவரும் நெருங்கிய உறவினர். உள்நாட்டுப் போர் மூண்டது. அதன் நடுவே 1410இல் கிறிஸ்தீன் போர்ச் செயல்களும் வீரர் அறமும் பற்றிய உரைநடை நூலை எழுதினார்.

பெண்ணொருத்தி படைநூல் எழுதுவதற்கு மினெர்வா தேவியைத் துணைக்கழைத்துத் தொடங்குகிறார். அத்தேவியும் தம்மைப் போல் இத்தாலி நாட்டவள் என்கிறார். வெஜீசியசின் பழைய படைநூலோடு, களம் கண்ட வீரரிடம் கேட்டறிந்த பீரங்கி, முற்றுகைச் செய்திகளையும் இணைத்தார். போருக்குரிய காரணங்கள் ஐந்தனுள் மூன்றே நீதிக்கு உட்பட்டவை. பழிவாங்கலும் நிலம் கவர்தலும் விருப்பத்தால் எழுவன. போர் தொடங்கும் உரிமை இறைமையுடைய அரசர்க்கே உண்டு என்னும் விதி, தன்விருப்பில் படை திரட்டிய கோமக்களின் முகத்தில் அறைவது. மூன்றாம் பகுதியில் ஒனோரே புவே என்னும் முன்னை ஆசிரியர் கனவில் தோன்றித் தம் மரத்துக் கனிகளைப் பறித்துக்கொள்ளச் சொல்கிறார். பிறர் நூலைப் பயன்கொள்ளல் குற்றமன்று என்பதற்கு அவர் காட்டும் சான்று, லோரிசை ழான் தெ மேன் பயன்கொண்ட செய்தி. பகைநாட்டு மாணவனைப் பாரிசில் சிறைபிடிக்கலாமா, உழவனை மீட்புப் பணத்துக்குப் பிணைக்கலாமா என்னும் வழக்குகளில் அவருடைய தீர்ப்பு போரிடாதார் பக்கமே சாய்கிறது.

அவ்வறிவுரை கேட்கப்படவில்லை. 1415இல் அசன்கூர் களத்தில் பிரான்சின் பிரபுக்குலம் பெருமளவில் மாண்டது. 1418இல் பர்கண்டியர் பாரிசைக் கைப்பற்றி நடத்திய படுகொலையில் மோந்த்ரேயும் கோந்தியே கோலும் உயிரிழந்தனர். கிறிஸ்தீன் நகரைவிட்டு ஒரு கன்னியர் மடத்தில் அடைக்கலம் புகுந்தார். அது தம் மகள் துறவியாக இருந்த புவாசி மடமாகலாம். பதினோராண்டு ஏறக்குறைய மௌனம். மகன் ழானும் அவ்விடைக்காலத்தில் இறந்தார்.

1429 சூலை 31 அன்று அவர் மீண்டும் எழுதினார். ஓர்லயான் முற்றுகையை உடைத்து ஏழாம் சார்லசை ரான்சு நகரில் முடிசூடச் செய்த பதினாறு, பதினேழு வயதுப் பெண் ழானைப் பற்றிய அறுபத்தொரு செய்யுட்கள். இளமையில் தாம் அறிவு புகட்டப் படைத்த அதே எக்தோரை, இப்பெண்ணின் ஆற்றலுக்குக் கீழாக அச்செய்யுளில் வைக்கிறார். 1431இல் ழான் எரிக்கப்பட்டார். அதற்கு முன்னரே, ஏறத்தாழ 1430இல், கிறிஸ்தீன் மறைந்ததாகக் கருதப்படுகிறது.

அவருடைய படைநூல் தொடர்ந்து பயிலப்பட்டது. ஆயினும் ஒரு சுவடி மரபில் மினெர்வாவை அழைக்கும் பகுதி நீக்கப்பட்டு ஆசிரியர் ஆடவராக்கப்பட்டார். 1488இல் பாரிசில் வெரார் அச்சிட்ட பதிப்பு அவர் பெயரின்றி, வெஜீசியசின் நூலாகவே வெளிவந்தது. மறு ஆண்டில் ஏழாம் ஹென்றியின் விருப்பப்படி வில்லியம் காக்சுடன் ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டபோது, நூல் கிறிஸ்தீனுடையது என்று குறிப்பிட்டார்.