பெயரும் அமைப்பும்: வேதியியல் அறிஞர் சைமன்சன்

கொடைக்கானலின் பைன் காட்டில் நடப்போரை ஒரு மணம் சூழும். கீழ்ப்பழனி மலையில் விளைந்த ஆரஞ்சின் தோலைக் கிள்ளினால் வேறொரு மணம் எழும். முன்னதில் உள்ளது பைனீன். பின்னதில் உள்ளது லிமோனீன். இரண்டின் மூலக்கூற்றிலும் கார்பன் அணுக்கள் 10, ஹைட்ரஜன் அணுக்கள் 16. எண்ணிக்கை ஒன்றே; இணைந்த முறைதான் வேறு. கரம் என்னும் சொல்லின் எழுத்துகளே இடம் மாறி ரகம் என நின்று வேறு பொருள் தருதல் போன்றது இது. இத்தகையவற்றை அமைப்பு மாற்றியங்கள் என்பர். பியூட்டேனுக்கு 2, பென்டேனுக்கு 3, ஹெக்சேனுக்கு 5 என வளரும் இவை, 10 கார்பன் கொண்ட டெக்கேனுக்கு 75 ஆகின்றன.

தாவர மணப்பொருள்களின் அமைப்பை ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜான் லயனல் சைமன்சன். 1884-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்துப் பிறந்த இவர், 1910-இல் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியரானார். இந்நாட்டு ஆய்வாளர் ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்பின்றி இருந்த நிலை கண்டு வருந்தினார். லக்னோ பேராசிரியர் மக்மஹோனுடன் இணைந்து அவர் எடுத்த முயற்சியால் 1914-இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாடு முதன்முதலாகக் கூடியது.

1919-இல் டேராடூன் வன ஆய்வு நிறுவனம் சென்றார். இமயமலைப் பைன் பிசினிலிருந்து வடிக்கப்பெறும் டர்பன்டைன் எண்ணெயை ஆராய்ந்து, 1920-இல் இரு பொருள்களை உலகிற்கு அறிவித்தார். ஒன்று கேரீன், பைனீனுக்கும் லிமோனீனுக்கும் மாற்றியமே அது. அதன் பெயருக்கு முன் நிற்கும் 3 என்னும் எண், இரட்டைப் பிணைப்பு தொடங்கும் இடத்தைச் சுட்டும். மற்றொன்று 15 கார்பன் அணுக்கள் கொண்ட லாஞ்சிஃபோலீன். அணுக்களை எண்ண முடிந்தது; அவை நிற்கும் முறை புலப்படவில்லை. ஆதலின் மரத்தின் பெயரே பொருளுக்கும் பெயராயிற்று. அதன் உண்மை அமைப்பு 1953-இல்தான் எக்ஸ் கதிர் ஆய்வால் வெளிப்பட்டது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பணியாற்றிப் பின் தாயகம் திரும்பிய சைமன்சன், 1932-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1949-இல் சர் பட்டம் பெற்றார். தாம் பிரித்தெடுத்த பொருளின் அமைப்பு தெளிவானதைக் கண்ட பின்னரே 1957-இல் மறைந்தார்.

ஒன்றிற்குப் பெயர் சூட்டியதும் அதனை அறிந்துவிட்டதாக நாம் மகிழ்கிறோம். பெயர் அறிவின் தொடக்கமே அன்றி முடிவு அன்று. இறைவன் படைப்பின் ஒரு துளி நறுமணத்தை உணர்வதற்கும் 33 ஆண்டுப் பொறுமை தேவைப்பட்டது என்பதை மாணவச் செல்வங்கள் நெஞ்சில் இருத்துவார்களாக.