ராபர்ட் மரே மெக்செய்ன்

ராபர்ட் மரே மெக்செய்ன் (மே 21, 1813 - மார்ச் 25, 1843) ஸ்காட்லாந்து திருச்சபையைச் சேர்ந்த போதகர் ஆவார். வேதாகமம் முழுவதையும் ஓராண்டில் வாசிப்பதற்கு இவர் வகுத்த அட்டவணை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. எடின்பரோவில் பிறந்து அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே பயின்ற இவர், 1836 இல் டண்டீ நகரின் புனித பேதுரு ஆலயப் போதகரானார்.

வாசிப்பு அட்டவணை

1842 டிசம்பர் இறுதியில் தமது சபையாருக்காக இவர் இதனை வெளியிட்டார். நாளொன்றுக்கு நான்கு அதிகாரங்கள்; இரண்டு குடும்பமாகவும் இரண்டு தனிமையிலும் வாசிக்கப்பட வேண்டும். ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நான்கு நூல்களும் ஜனவரி 1 அன்று ஒருசேரத் தொடங்குகின்றன. இவ்வாறு புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் ஆண்டில் இருமுறையும், பழைய ஏற்பாட்டின் பிற நூல்கள் ஒருமுறையும் நிறைவடையும். சபையார் அனைவரும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசிப்பதால், இன்று அவர்கள் எதை வாசிக்கின்றனர் என்பது போதகருக்குத் தெரிந்திருக்கும்.

ஆயினும் முன்னுரையிலேயே இம்முறையின் ஆபத்துகளையும் இவர் எடுத்துரைத்தார். வாசிப்பு வெறும் சடங்காகலாம். அன்றைய பகுதியை முடித்துவிட்டதே தற்பெருமையாகலாம். சுமையாக உணர்வோர் அட்டவணையை விட்டுவிட்டுத் தம் விருப்பப்படி வாசிக்கலாம் என்றும் எழுதினார். ஒரு முறையை வகுத்தவரே இவ்வாறு விலக்களிப்பது அரிது.

அட்டவணை தொடங்கி மூன்று மாதங்கள் முடியுமுன் டைபஸ் காய்ச்சலால் தமது 29 ஆவது அகவையில் இறந்தார். நண்பர் ஆண்ட்ரூ போனார் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1844 இல் வெளிவந்தது.