வில்லியம் சைபோர்ன்

வில்லியம் சைபோர்ன் (1797 – 1849) ஆங்கிலேயப் படை அதிகாரியும், நில அளவையாளரும், போர் வரலாற்றாளரும் ஆவார். 1815 ஆம் ஆண்டு சூன் 18 அன்று நடைபெற்ற வாட்டர்லூ போரின் சிற்றளவு மாதிரியுருவை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். பல்லாயிரக்கணக்கான சிறு உலோகப் பதுமைகளைக் கொண்ட அந்த மாதிரியுருவுக்காக இவர் திரட்டிய கடிதங்கள், இன்று அப்போரைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக விளங்குகின்றன. இவர் அப்போரில் பங்கேற்றவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் இளமையும்

சைபோர்ன் 1797 இல் இங்கிலாந்தில் உள்ள கிரீனிச்சில் பிறந்தார். இவருடைய தந்தை பெஞ்சமின் சைபோர்ன், பிரித்தானியத் தரைப்படையின் 9 ஆம் காலாட்படைப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். சாண்டர்ஸ்டு அரச படைத்துறைக் கல்லூரியில் பயின்ற வில்லியம், 1813 இல் தந்தையின் படைப்பிரிவிலேயே இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். 1815 இல் வெலிங்டன் பிரபுவின் தலைமையில் பிரான்சில் நிலைகொண்டிருந்த படையுடன் சேர்ந்துகொள்ள அனுப்பப்பட்டார். அதற்குள் வாட்டர்லூ போர் முடிந்துவிட்டிருந்தது.

பணியும் முதல் நூல்களும்

போருக்குப் பின்னர் நில அளவையிலும் நிலப்பட வரைவிலும் சைபோர்ன் தேர்ச்சி பெற்றார். மேடு பள்ளங்களைத் தாளில் வரைந்து காட்டும் முறையைக் குறித்து 1822 இலும் 1827 இலும் இரு நூல்களை வெளியிட்டார். 1826 இல் அயர்லாந்தில் இருந்த பிரித்தானியப் படைத் தளபதியின் உதவிப் படைத்துறைச் செயலராக நியமிக்கப்பட்டார். தளபதிகள் மாறியபோதும் 1843 வரை இவர் அப்பதவியிலேயே நீடித்தார்.

வாட்டர்லூ மாதிரியுரு

நில அளவை

1830 இல் பிரித்தானியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த இல் பிரபு, வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியுரு ஒன்றை உருவாக்கும் பணியைச் சைபோர்னிடம் ஒப்படைத்தார். சைபோர்ன் பெல்சியம் சென்று, போர்க்களத்தின் நடுவே அமைந்திருந்த லா ஹே செயிண்ட் பண்ணைவீட்டில் எட்டு மாதங்கள் தங்கி, நிலத்தை அளந்தார். மேடுகள், சரிவுகள், பாதைகள், வேலிகள், கட்டடங்கள் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொண்டார்.

போர் நடந்து 15 ஆண்டுகள் கடந்திருந்ததால் களம் பழைய நிலையில் இல்லை. 1826 இல் கட்டி முடிக்கப்பட்ட சிங்க மேடு என்னும் நினைவுச் சின்னத்திற்காக, வெலிங்டனின் படைகள் நின்ற மேட்டுநிலத்திலிருந்து பெருமளவு மண் அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்தது. சைபோர்ன் காட்ட வேண்டியிருந்ததோ 1815 ஆம் ஆண்டு நிலம். எனவே அளவைக் கருவிகள் மட்டும் போதுமானவையாக இருக்கவில்லை. களத்தை நேரில் கண்டவர்களின் நினைவும் தேவைப்பட்டது.

அளவுத்திட்டம்

ஒரு மைலுக்கு 9 அடி என்ற கிடையளவில், அதாவது ஏறத்தாழ 1:587 என்ற விகிதத்தில், மாதிரியுரு அமைக்கப்பட்டது. உயரத்திற்கு 1:180 என்ற விகிதம் பயன்படுத்தப்பட்டது. இரண்டிற்கும் ஒரே விகிதத்தைக் கொண்டிருந்தால் 15 மீட்டர் உயரமான மேடு இரண்டரை செண்டிமீட்டர் அளவிலேயே இருந்திருக்கும். வேறு விகிதத்தைக் கொண்டதால் அது 8 செண்டிமீட்டருக்கும் சற்று மேலாக உயர்ந்து, நிலத்தின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் புலப்பட்டது.

வீரர்களின் பதுமைகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. 1:587 அளவில் ஒரு மனிதனின் உயரம் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. அதில் சீருடையை வேறுபடுத்திக் காட்ட இயலாது. எனவே ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் உயரமுள்ள பதுமைகள் வெள்ளீயமும் ஈயமும் கலந்த உலோகத்தில் செய்யப்பட்டன. ஒரு பதுமை இரண்டு வீரர்களைக் குறித்தது. அவ்வாறிருந்தும் 70,000 க்கு மேற்பட்ட பதுமைகள் தேவைப்பட்டன. முழு மாதிரியுருவும் ஏறக்குறைய 400 சதுர அடிப் பரப்புடையது. எடுத்துச் செல்வதற்கு ஏதுவாக இது பல தனித்தனித் துண்டுகளாகச் செய்யப்பட்டது.

கடிதங்கள்

போரின் முடிவைத் தீர்மானித்த கட்டத்தைக் காட்டச் சைபோர்ன் முடிவு செய்தார். மாலை ஏறத்தாழ 7 மணியளவில் நெப்போலியனின் பேரரசுக் காவற்படை முன்னேறித் தாக்கிய நேரம் அதுவாகும். அந்நேரத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் எங்கே, எந்த அணிவகுப்பில் நின்றது என்பதை அறிய, போரிலிருந்து உயிருடன் மீண்ட பிரித்தானிய அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். அவர்களுடைய பிரிவின் அணிவகுப்பு, எதிரே நின்ற பகைவரின் அணிவகுப்பு, அவ்விடத்தில் நின்ற பயிரின் வகை ஆகியவற்றை அது கேட்டது. நிலப்படத்தில் தத்தம் நிலையைக் குறித்துத் தருமாறும் வேண்டினார். பயிர் பற்றிய கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், வயல்களுக்கு உரிய நிறத்தையும் தோற்றத்தையும் கொடுக்க அது இன்றியமையாததாக இருந்தது.

இவ்வாறு ஏறத்தாழ 700 கடிதங்கள் சேர்ந்தன. ஒரே நிகழ்வை இருவர் இரு விதமாக நினைவுகூர்ந்த இடங்களும் அவற்றில் இருந்தன. புருசியத் தரப்பிலிருந்தும் சைபோர்ன் தகவல்களைப் பெற்றார்.

நிதி நெருக்கடி

தொடக்கச் செலவுகளில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. எனினும் 1833 இல் மேற்கொண்டு பணம் வழங்க அரசு மறுத்துவிட்டது. நிலத்தை அளந்து முடித்துவிட்டிருந்த சைபோர்ன் பணியைக் கைவிடவில்லை. அலுவலகக் கடமைகளையும் கவனித்துக்கொண்டு, சொந்தப் பணத்தையும் கடனையும் கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 3,000 பவுண்டுகளை எட்டியது. சாதாரண நிலை அதிகாரி ஒருவருக்கு இது பெருந்தொகையாகும்.

புருசியப் படைகள் பற்றிய சர்ச்சை

வாட்டர்லூவில் வெலிங்டனின் படைக்குத் துணையாகப் புளூச்சர் தலைமையிலான புருசியப் படைகள் பிற்பகலில் வந்து சேரத் தொடங்கின. மாலை 7 மணியளவில் அவற்றுள் எவ்வளவு பேர் களத்தில் இருந்தனர், எங்கே நின்றனர் என்பது முக்கியமான கேள்வி ஆனது. வெற்றிக்கான பெருமையை இரு படைகளும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதும் அதில் அடங்கியிருந்தது.

சைபோர்ன் தாம் திரட்டிய தகவல்களின்படி, ஏறத்தாழ 48,000 புருசிய வீரர்களைக் குறிக்கும் பதுமைகளை மாதிரியுருவில் நிறுத்தத் திட்டமிட்டார். புருசியர்களின் நிலைகள் அந்த நேரத்திற்குப் பொருந்தாதவை என்றும், மாதிரியுரு போரைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்றும் வெலிங்டன் கருதினார். இக்கருத்து மேலதிகாரிகள் வழியாகச் சைபோர்னுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆயினும் அவர் உடனடியாக மாற்றம் எதனையும் செய்யவில்லை. புருசியர்கள் இடம்பெற்ற நிலையிலேயே மாதிரியுரு மக்கள் பார்வைக்கு வந்தது.

பிற்பாடு ஏறத்தாழ 40,000 புருசிய வீரர்களைக் குறித்த பதுமைகளைச் சைபோர்ன் நீக்கிவிட்டார். மேலிடத்து அழுத்தத்திற்குப் பணிந்தே அவர் இதைச் செய்தார் என வரலாற்றாளர் சிலர் கருதுகின்றனர். கூடுதல் சான்றுகளைக் கண்டபின் தம் கணிப்பைத் தாமே திருத்திக்கொண்டார் என்பது வேறு சிலரின் கருத்தாகும்.

கண்காட்சி

1838 ஆம் ஆண்டு அக்டோபரில், இலண்டன் பிக்காடிலியில் இருந்த எகிப்திய மண்டபத்தில் மாதிரியுரு காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு சில்லிங் கட்டணம் செலுத்தி ஏறத்தாழ 100,000 பேர் அதைப் பார்வையிட்டனர். இக்கணக்கின்படி 5,000 பவுண்டுகள் வசூலாகியிருக்க வேண்டும். ஆனால் சைபோர்னின் கடனைத் தீர்க்கும் அளவுக்குப் பணம் அவரை வந்தடையவில்லை. அரசு மாதிரியுருவை விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்ற அவருடைய எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை.

இரண்டாம் மாதிரியுருவும் வரலாற்று நூலும்

கடனில் இருந்தபோதும் சைபோர்ன் மற்றொரு மாதிரியுருவைச் செய்தார். இது போர்க்களம் முழுவதையும் காட்டவில்லை. பிற்பகலில் பிரித்தானியக் கனரகக் குதிரைப்படை பிரெஞ்சுக் காலாட்படை மீது பாய்ந்து தாக்கிய காட்சியை மட்டும் பெரிய அளவில் காட்டியது. பரப்புக் குறைந்ததால் பதுமைகளைப் பெரிதாகவும், சீருடை, படைக்கலம் ஆகியவற்றின் நுண்விவரங்களுடனும் செய்ய முடிந்தது. 1844 இல் இது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

அதே ஆண்டில், தாம் திரட்டிய கடிதங்களின் அடிப்படையில் 1815 ஆம் ஆண்டுப் போரின் வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் அப்போரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் இது நெடுங்காலம் முதன்மையானதாக மதிக்கப்பட்டது.

இறுதிக்காலம்

அயர்லாந்துப் பணி முடிந்த பின்னர், இலண்டன் செல்சியில் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட அரச படைத்துறைக் காப்பகத்தில் சைபோர்ன் செயலராகப் பணியாற்றினார். கடன் சுமை தீராத நிலையிலேயே 1849 சனவரியில், தமது 51 ஆவது வயதில் காலமானார். இவரது உடல் இலண்டன் பிராம்ப்டன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

மரபு

சைபோர்ன் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1851 இல், பெரிய மாதிரியுருவை ஐக்கிய சேவை நிறுவனம் நன்கொடை திரட்டி வாங்கியது. தற்போது அது இலண்டன் செல்சியில் உள்ள தேசியப் படைத்துறை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. நீக்கப்பட்ட புருசியப் பதுமைகள் மீண்டும் வைக்கப்படவில்லை. இரண்டாம் மாதிரியுரு லீட்சு நகரில் உள்ள அரச படைக்கல அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

சைபோர்னின் மகன் எர்பர்ட் டெய்லர் சைபோர்ன், கடிதங்களில் ஒரு பகுதியைத் தொகுத்து 1891 இல் நூலாக வெளியிட்டார். எஞ்சியிருந்தவற்றுள் பல 2004 இல் அச்சில் வந்தன. மூலக் கடிதங்கள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. எதைக் காட்டுவது, எதை நீக்குவது என்று மாதிரியுருவில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கடிதங்களிலோ ஒன்றுக்கொன்று முரண்பட்ட கூற்றுகளும் அப்படியே எஞ்சியுள்ளன. எனவே சைபோர்னின் முடிவுகளை ஏற்காத ஆய்வாளர்களும் அவர் திரட்டிய சான்றுகளையே பயன்படுத்தி வருகின்றனர்.