வி. எஸ். சீனிவாச சாஸ்திரி

வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி (செப்டம்பர் 22, 1869 - ஏப்ரல் 17, 1946) தமிழகத்தைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியர், சொற்பொழிவாளர், அரசியலாளர் ஆவார். வெள்ளிநாப் பேச்சாளர் எனப் புகழப்பட்டவர். இவரது அரசியல் வாழ்வே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஆசிரியர்கள் தம் தொழிலில் வளர இவர் ஆற்றிய பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

ஆசிரியப் பணி

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வசதி குறைந்த புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்று, மாயவரத்தில் ஆசிரியரானார். பின் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். சேலத்திலும் சென்னையிலும் கற்பித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார்.

கல்வித்துறையின் உயர்பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியர் கையில் இருந்த காலம் அது. ஆங்கிலத்தைக் கற்பித்த இந்திய ஆசிரியர்களுள் மிகப் பலர் அம்மொழி பேசப்படும் நாட்டைக் கண்டதில்லை. சாஸ்திரியும் 1919 வரை இங்கிலாந்து சென்றதில்லை. சொற்பொருளிலும் உச்சரிப்பிலும் அவர் காட்டிய நுட்பம் இடைவிடாத தன்முயற்சியால் வந்தது. எனினும் தனியொருவர் படிப்போடு இது நின்றுவிடலாகாது என அவர் கருதினார் எனலாம். 1895 இல் தோன்றிய சென்னை ஆசிரியர் சங்கத்தை வளர்த்தோருள் அவர் முதன்மையானவர். பல பள்ளிகளின் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடிக் கற்பிக்கும் முறைகளையும் தம் குறைகளையும் விவாதிக்க அச்சங்கம் வழிசெய்தது. பயிற்சிக் கல்லூரியை விட்டபின் ஆசிரியர் தொடர்ந்து கற்பதற்கு வேறு வாய்ப்புகள் அரிதாயிருந்த நிலையில் இதன் பயன் பெரிது.

1907 இல் பள்ளிப் பணியைத் துறந்து, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915 இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார்.

தென்னாபிரிக்காவில்

1927 முதல் 1929 வரை தென்னாபிரிக்காவில் இந்திய அரசின் முகவராக இருந்தார். நேட்டால் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி வாய்ப்பு மிகக் குறைவு. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் குறைவு. இவ்விரண்டையும் ஒருசேரத் தீர்க்க, உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் இணைந்த ஒரு நிறுவனத்துக்கு அவர் முயன்றார். அங்குள்ள இந்தியர் அளித்த நன்கொடையால் டர்பனில் எழுந்த அது, சாஸ்திரி கல்லூரி என்றே பெயர் பெற்றது. 1928 இல் தமக்கு அளிக்கப்பட்ட சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை.

பிற்காலம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929 இல் சிதம்பரத்தில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1935 முதல் 1940 வரை துணைவேந்தராகப் பணியாற்றினார்.

1940 இல் சென்னை மாகாண அரசு அமைத்த கலைச்சொற் குழுவுக்கு இவர் தலைவர். வடசொற்களுக்கு மிகுதியாக இடமளிக்கப்படுகிறது எனத் தமிழறிஞர் பலர் கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு நியாயமானதே. ஆங்கிலத்தில் அவர் காட்டிய கூர்மையைத் தமிழ்ச் சொல்லாக்கத்தில் காண இயலவில்லை.

அதே ஆண்டில் காந்தியின் தன்வரலாற்று ஆங்கில மொழிபெயர்ப்பின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அதன் மொழிநடையை வரிவரியாகத் திருத்தியவர் சாஸ்திரி. தம் பெயர் வெளியிடப்படக் கூடாது என்பது அவரது நிபந்தனை. ஆகவே நூலின் முன்னுரையில் பெயர் சுட்டாமலே நன்றி கூறப்பட்டுள்ளது. இருவருக்கும் அரசியலில் ஆழ்ந்த கருத்து வேறுபாடு இருந்தது. எனினும் 1946 தொடக்கத்தில் சென்னை வந்த காந்தி, மருத்துவமனையில் நோயுற்றிருந்த சாஸ்திரியைச் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று சாஸ்திரி காலமானார்.